கொடைக்கானல் லாட்ஜ்களில் வேலை, சம்பளம், ஊருக்கு நிற்கும் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் பதினோரு வருஷம் மேனேஜராக இருந்தேன். இப்போது சின்ன லாட்ஜ்களுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். முதலாளிகள் ஆட்களைப் பற்றிக் கேட்பார்கள். வேலை பார்ப்பவர்கள் சம்பளத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஊர்க்காரர்கள் "இத்தனை டூரிஸ்ட் வந்து நமக்கு என்ன லாபம்?" என்று கேட்பார்கள். மூன்றுக்கும் பதில் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

1. எங்க லாட்ஜில் மொத்தமே ஆறு பேர். இதுக்கெல்லாம் பணித்திறன் மேலாண்மைன்னு பெரிய பேச்சு தேவையா?

பெரிய பேச்சு தேவையில்லை. அவரவர் வேலை என்ன என்று முதலாளிக்கும் வேலை பார்ப்பவருக்கும் ஒரே மாதிரி தெரிந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்க வேண்டும். அதைப் பற்றிப் பேச ஒரு நேரம் இருக்க வேண்டும். ஆறு பேர் இருக்கும் இடத்தில் இந்த மூன்றுமே ஒரு நோட்டில் அடங்கிவிடும்.

"ரூமைச் சுத்தமா வை" என்று சொல்வது வேலையை விளக்கியதாகாது. பாத்ரூம் தரை காய்ந்திருக்க வேண்டும், பக்கெட்டில் முடி இருக்கக் கூடாது, கெய்சர் ஓடுகிறதா என்று குழாயைத் திறந்து பார்க்க வேண்டும், கம்பளியை உதறி மடிக்க வேண்டும். இப்படிச் சொன்னால்தான் புதிதாக வந்த பையனுக்கும் புரியும், அவனைக் கேள்வி கேட்கும் உரிமையும் உங்களுக்கு வரும்.

2. சீசன்ல ஊருக்குள்ள கோடிக்கணக்குல பணம் வருதுங்கிறாங்க. அப்ப நம்ம கையில ஏன் ஒண்ணும் நிக்கலை?

ஒரு ரூம் ஒரு நாளுக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக ஓர் உதாரணம்தான், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். புக்கிங் ஆப் கமிஷன் 20 விழுக்காடு என்றால் 400 ரூபாய் மலையேறாமலே போய்விட்டது. கட்டடம் லீஸ் என்றால், அந்த ரூமின் பங்காக 600 ரூபாய் சென்னையிலோ கேரளத்திலோ இருக்கும் கட்டட உரிமையாளருக்கு. கரண்ட், கேஸ், இன்டர்நெட் 250. சோப்பு, துண்டு, அரிசி, எண்ணெய் என்று கீழேயிருந்து வருவது 200. சம்பளம் 350. பால், முட்டை, பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று ஊருக்குள் கொடுப்பது 100. லாட்ஜை நடத்துபவருக்கு மிச்சம் 100.

ஆக, 2,000 ரூபாயில் ஊருக்குள் தங்குவது 550. கட்டடம் உள்ளூர்க்காரருடையது என்றால் 1,150. விருந்தினர் ஆப்பில் வராமல் நேரடியாகப் போன் செய்து வந்தால் இன்னும் 400 சேரும். வாடகைக்கு மேல் வாங்கும் ஜிஎஸ்டி தனி. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு அது 5 விழுக்காடு.

வண்டிகளை எண்ணி "இத்தனை பேர் வந்தார்கள்" என்று சொல்வது எளிது. வந்த பணம் எந்த வாசல் வழியாக வெளியே போனது என்று யாரும் எண்ணுவதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

3. டூரிஸ்ட் கொடுக்கிற ஒரு ரூபாய் ஊருக்குள்ள நாலு தடவை சுத்தும்னு ஒரு கூட்டத்துல சொன்னாங்க. நிஜமா?

சுற்றும். ஆனால் நாலு தடவை என்பது ரொம்பப் பெரிய எண். ஊருக்குள் வந்த 100 ரூபாயில் பாதி மறுபடியும் ஊருக்குள்ளேயே செலவாகிறது, அதில் பாதி மறுபடியும் என்று போனால், 100, 50, 25, 12.50 என்று கூட்டிக்கொண்டே போய் மொத்தம் 200-ல் நிற்கும். அதாவது இரண்டு மடங்கு. கால்வாசிதான் ஊருக்குள் செலவாகிறது என்றால் மொத்தம் 133 ரூபாய்தான். நாலு மடங்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு கையிலும் ரூபாய்க்கு 75 காசு ஊருக்குள்ளேயே செலவாக வேண்டும். அரிசியிலிருந்து மருந்து வரை வத்தலக்குண்டு பாதை வழியாக மேலே வரும் ஓர் ஊரில் அது நடக்காத காரியம்.

ஊருக்குள் செலவாகும் பங்கைக் கூட்டுகிற பெரிய வழி சம்பளம்தான். இங்கே குடியிருப்பவர் வாங்கும் சம்பளம் மளிகைக் கடைக்கும், டியூஷனுக்கும், ஆட்டோவுக்கும் போகிறது. சம்பளம் என்றதும் அடுத்த கேள்வி வந்துவிடும்.

4. சம்பளம் கொடுக்கத் தயார். ஆனா யார் வேலை செய்றான், யார் ஏமாத்துறான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நான் மேனேஜராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நவம்பர். மூன்று வாரமாக விடாத மழை, பகலிலும் மேகம் இறங்கி ரோடு தெரியாது. "படுக்கை ஈரமாக இருக்கிறது, வாடை அடிக்கிறது" என்று அடுத்தடுத்துப் புகார். ரூம் பையன் சோம்பேறி, சம்பளத்தில் பிடியுங்கள் என்றார் முதலாளி.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தகரக் கூரைக்குக் கீழே நாலு கொடி, நாலிலும் பெட்ஷீட். முந்தாநாள் துவைத்ததைத் தொட்டாலும் விரல் சில்லிட்டது. எங்களிடம் 14 ரூம், கட்டிலுக்கு இரண்டு செட். ஒன்று கட்டிலில், ஒன்று கொடியில். ஏப்ரல் வெயிலில் நாலு மணி நேரத்தில் காய்ந்துவிடும், இரண்டு செட் போதும். நவம்பரில் இரண்டு நாளானாலும் காயாது. அன்று ராத்திரி பதினோரு மணிக்குக் கீழ் வராந்தாவில் வெளிச்சம் தெரிகிறதே என்று எட்டிப் பார்த்தால், அந்தப் பையன் ஒரு கம்பளியை விரித்துப் போட்டு, ஈர பெட்ஷீட்டை ஒவ்வொன்றாக அயர்ன் பாக்ஸால் தேய்த்து ஆவி பறக்கக் காய வைத்துக்கொண்டிருந்தான். தினமும் இப்படித்தானாம். யாரிடமும் சொல்லவில்லை. "சொன்னா வேலை தெரியலைம்பாங்கண்ணே" என்றான். நாங்கள் சம்பளம் பிடிக்க நினைத்தது அந்த லாட்ஜிலேயே அதிகம் உழைத்தவனிடம். மூன்றாவது செட் வாங்கினோம், மழைக்காலத்துக்கு டிரையர் இருக்கும் சலவைக்காரரிடம் கொடுத்தோம். புகார் நின்றது.

அதனால் யாரையும் குறை சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தோமா? அதற்கு வேண்டிய பொருள் இருக்கிறதா? நேரம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்ற பதில் வந்தும் வேலை நடக்கவில்லை என்றால்தான் அது ஆளைப் பற்றிய பேச்சு. என் அனுபவத்தில் அங்கே வந்து நிற்பவை கொஞ்சம்தான்.

5. கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டுட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு டூட்டியில இருந்தவன் சம்பளத்துல பிடிக்கலாமா?

கூடாது. நியாயப்படியும் கூடாது, சட்டப்படியும் கூடாது. 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இதற்கு வரம்பு இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே வரம்பு இருக்கிறது. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று அரசின் ஒப்புதலோடு முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அவர் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். மொத்த அபராதம் அந்த மாதச் சம்பளத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்தப் பணத்தையும் முதலாளி எடுத்துக்கொள்ள முடியாது, வேலை பார்ப்பவர்களின் நலனுக்குத்தான் செலவிட வேண்டும்.

ஒற்றை ரிவ்யூவில் பார்க்கிங் கோபமும் இருக்கும், மழையால் தூண் பாறை தெரியாத ஏமாற்றமும் இருக்கும். மூன்று மாத ரிவ்யூக்களை மொத்தமாகப் படியுங்கள். ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் அதை நாலாவது பதிலில் சொன்ன மூன்று கேள்விகளோடு ஆராயுங்கள்.

6. வருஷத்துக்கு ஒருதடவை கூப்பிட்டுப் பேசினா போதாதா?

போதாது. ஏப்ரலில் நடந்ததை அடுத்த மார்ச்சில் சொன்னால் இரண்டு பேருக்குமே ஞாபகம் இருக்காது. சீசனில் தினமும் காலையில் ஐந்து நிமிஷம் நின்றுகொண்டே பேசுங்கள். இன்று எத்தனை செக்-அவுட், எந்த ரூமில் குழந்தை, எந்தக் குழாய் ஒழுகுகிறது, அவ்வளவுதான். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து டீ குடித்துப் பேசுங்கள். அன்றைக்கு அவர்கள் பேசட்டும்.

7. குறை சொன்னா கோவிச்சுக்கிட்டு மறுநாள் வர்றதில்லை. எப்படித்தான் சொல்றது?

பெரும்பாலும் சொன்ன விஷயத்தை விட, சொன்ன இடமும் சொன்ன விதமும்தான் வலிக்கிறது. விருந்தினர் முன்னால் "இவங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஒரு முதலாளி சொன்னதைக் கேட்டிருக்கிறேன். திட்டு வாங்கியவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அக்கா. அன்று மதியமே சேலையை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

தனியாகக் கூப்பிடுங்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள், குணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். "அக்கா, இந்த வாரம் 6-ம் நம்பர் ரூம் ரெண்டு தடவை ரெடியாகாம இருந்துச்சு. என்ன ஆச்சுக்கா?" என்று கேட்டு நிறுத்துங்கள். பதில் வரும்வரை சும்மா இருங்கள். மேல்மாடிக்குப் பக்கெட் தூக்க முழங்கால் முடியவில்லை என்று வரும், பேத்திக்குக் காய்ச்சல் என்று வரும். அதற்கப்புறம் என்ன செய்யலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுங்கள். எல்லாரிடமும் மரியாதையாகப் பேசுங்கள். பதினெட்டு வயதுப் பையனை "தம்பி" என்று கூப்பிட்டால் எந்த முதலாளியும் குறைந்துபோவதில்லை.

8. மே மாசம் பத்து பேர் வேணும், ஜூலையில மூணு பேருக்கே வேலை இல்லை. என்ன பண்றது?

ஏப்ரல் முதல் ஜூன் வரை சீசன், அப்புறம் ஆயுதபூஜை, தீபாவளி விடுமுறை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று துண்டு துண்டாக. நடுவில் காலி. இந்த ஊர் பிழைப்பின் சிக்கலே இதுதான். சீசன் முடிந்ததும் எல்லாரையும் அனுப்பிவிட்டு அடுத்த மார்ச்சில் புது ஆள் தேடுபவர்கள், ஒவ்வொரு மே மாதமும் ஒன்றும் தெரியாத ஆட்களை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள். புகார் வருவதும் அப்போதுதான்.

சீசனில் கிடைக்கும் மிச்சத்தில் ஒரு பங்கை "மழைக்காலச் சம்பளம்" என்று தனியாக வங்கியில் போட்டு வையுங்கள். நிரந்தர ஆட்கள் எத்தனை பேர் என்பதை அந்தப் பணத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பெயின்ட், ஜன்னல் ரிப்பேர், கம்பளி வெளுப்பு எல்லாம் ஜூலையில் அவர்களே செய்யட்டும். நீண்ட லீவும் அப்போதே கொடுங்கள். கூடுதல் ஆட்களைச் சீசனுக்கு மட்டும் எடுப்பதில் தப்பில்லை, ஆனால் எந்தத் தேதி வரை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். போன வருஷம் வந்தவர்களையே கூப்பிடுங்கள்.

9. வெளிமாநிலப் பசங்களை வெச்சா ஊர்ப் பிள்ளைங்க பிழைப்பு போகுதே?

அந்தப் பசங்கள் மேல் பழி போடுவது எனக்கு உடன்பாடில்லை. வீட்டை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்து, குளிரில் படிக்கட்டுக்குக் கீழே படுத்து வேலை செய்கிறார்கள். அவர்கள் சம்பளத்தில் பெரும்பகுதி அவர்களுடைய சொந்த ஊருக்குப் போகிறது என்பது உண்மை. ஆக மூன்றாவது பதிலில் சொன்ன சுற்று இங்கே அறுந்துவிடுகிறது. ஆனால் அவர்களை எடுத்தது யார்? எந்நேரமும் கூப்பிட்டால் வருவார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்றுதானே பலர் எடுக்கிறார்கள்?

ஒரே வேலைக்கு ஒரே சம்பளம், ஒரே நேரம், எல்லாருக்கும் வார விடுமுறை என்று வையுங்கள். அப்போது ஊர்ப் பெண்களும் பையன்களும் தாமாகவே வேலைக்கு வருவார்கள். வெளியூர்ப் பையனும் மனுஷனாக நடத்தப்படுவான். உள்ளூர்ப் பையன்கள் ஜீப் ஓட்டப் போவது சோம்பலால் இல்லை. சீசனில் அந்த வேலையில் கையில் நிற்பது அதிகம்.

10. டிப்ஸ் யாருக்குச் சேரும்? வாங்கினவருக்குத்தானே?

பெட்டியைத் தூக்கியவர் கையில் டிப்ஸ் விழுகிறது. பாத்ரூம் கழுவியவரையும் பாத்திரம் தேய்த்தவரையும் விருந்தினர் பார்ப்பதே இல்லை. ஒரு டப்பா வைத்து, வாரக் கடைசியில் எல்லார் முன்னாலும் எண்ணிப் பிரிப்பதே நல்லது. முதலாளியோ மேனேஜரோ அதில் ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது. டிப்ஸ் வருகிறது என்பதற்காகச் சம்பளத்தைக் குறைக்கவும் கூடாது.

11. இ-பாஸ் வந்ததுலேருந்து தொழிலே போச்சுங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது, அதாவது வெளியூர் வண்டிகள் ஆன்லைனில் பதிவு செய்து வாங்க வேண்டிய அனுமதி. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். உள்ளூர் வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் விலக்கு. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயச் சொல்லி ஐஐடி மெட்ராஸிடமும் ஐஐஎம் பெங்களூருவிடமும் நீதிமன்றம் பொறுப்பைக் கொடுத்தது.

ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்பவருக்கும் குதிரை வைத்திருப்பவருக்கும் கூட்டம்தான் வருமானம். அவர்கள் கவலையை நான் லேசாகச் சொல்லிவிட மாட்டேன். ஆனால் லாட்ஜ்காரர்கள் வண்டியை எண்ணி அழ வேண்டாம். காலையில் வேனில் புளியோதரையோடு வந்து, போட்டில் போய்விட்டு, பேப்பர் தட்டைப் போட்டுவிட்டுச் சாயங்காலம் இறங்குபவர்களால் உங்கள் ரூம் நிறையாது. ஒரு ராத்திரி தங்குபவரை இரண்டு ராத்திரி தங்க வைக்க முடிந்தால், ஒரு வண்டிகூடக் கூடாமல் உங்கள் வருமானம் கூடும். அதைச் செய்வது காய்ந்த பெட்ஷீட்டும், சுடுதண்ணீரும், "பூம்பாறை பார்த்தீங்களாம்மா? மன்னவனூர் போயிட்டு வாங்க" என்று சொல்லத் தெரிந்த ரிசப்ஷன் பெண்ணும்தான்.

12. நம்ம மலைக் காய்கறியை வாங்குன்னா, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்தான் சல்லிசுங்கிறார் மாஸ்டர். அவரை எப்படி மாத்துறது?

மாஸ்டரை மாற்ற வேண்டாம், அவரை அளக்கும் விதத்தை மாற்றுங்கள். மாதச் சமையல் செலவு குறைந்ததா என்று மட்டும் நீங்கள் கேட்டால், அவர் எது மலிவோ அதைத்தான் வாங்குவார். அது அவர் தப்பில்லை. பூம்பாறைப் பக்கம் விளையும் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அது கீழே வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. இங்கே சமையலறையில் வேறெங்கோ விளைந்த பூண்டு உரிபடுகிறது. கேரட்டும் பீன்ஸும் இறங்குகிற ரோட்டிலேயே வேறு கேரட்டும் பீன்ஸும் ஏறுகின்றன.

எல்லாவற்றையும் இங்கேயே வாங்குவது முடியாது. நாலைந்து பொருளை மட்டும் சொல்லுங்கள்: கேரட், பீன்ஸ், உருளை, பூண்டு, பழம். அவற்றைப் பக்கத்துக் கிராமத்தில் வாங்கினால் கூடும் செலவை மாஸ்டர் கணக்கில் எழுதாமல் உங்கள் கணக்கில் எழுதுங்கள். அப்புறம் மெனுவில் "பூம்பாறைப் பூண்டுக் குழம்பு" என்று எழுதி, இருபது ரூபாய் கூட்டி வையுங்கள். கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

13. ஒரு அக்கா தினமும் அரை மணி நேரம் லேட். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டேன். நிறுத்திடலாமா?

முதலில் அவர் எங்கேயிருந்து வருகிறார் என்று கேளுங்கள். இதே கேள்வியைக் கேட்ட ஒரு முதலாளியிடம் நான் அதைக் கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை. அந்த அக்கா குடியிருப்பது மலைப்பாதையில் கீழே இருக்கும் பெருமாள்மலையில். முன்பு ஏரிக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தவர். வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கியபோது காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இப்போது பஸ்ஸில் மேலே வருகிறார். சீசன் காலையில் அந்த ரோடு எப்படி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். நாம் வரவேற்கிற விருந்தினர் வண்டிகளுக்குப் பின்னால் நம் ரூமைக் கழுவ வருபவர் பஸ்ஸில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். அதை அவருடைய ஒழுங்கீனம் என்று நோட்டில் எழுதுகிறோம்.

வாடகை ஏறுவதும், ஊர்க்காரர்கள் ஊரை விட்டுத் தள்ளிப் போவதும் சுற்றுலாவின் செலவு. அது எந்த வரவுக் கணக்கிலும் கழிக்கப்படுவதில்லை. அந்த அக்காவுக்கு வேலை நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார்கள், செக்-அவுட் எப்படியும் பதினொன்றுக்கு மேல்தான். பிரச்சினை முடிந்தது. இரண்டு மூன்று லாட்ஜ்கள் சேர்ந்து ஊழியர்களுக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் இன்னும் நல்லது.

14. சொந்தக்காரப் பையன், வேலை செய்றதே இல்லை. எல்லாம் சொல்லிப் பார்த்தாச்சு. எப்படி நிறுத்துறது?

நாலாவது பதிலின் மூன்று கேள்விகளையும், ஏழாவது பதிலில் சொன்னபடி பேசுவதையும் முடித்துவிட்டீர்கள் என்றால் நிறுத்துவதுதான் சரி. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் வேலையையும் சேர்த்துச் செய்பவர்களுக்கு நீங்கள் அநியாயம் செய்கிறீர்கள். முதலில் எழுத்தில் கொடுங்கள், ஒரு மாதம் பாருங்கள். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் கீழ் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுத்த நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ வேண்டும். வேலையை விட்டுப் போகிறவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அவன் அப்பாவிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். அடுத்தவர் வாயால் தெரிந்தால்தான் உறவு கெடும்.

15. என் லாட்ஜால ஊருக்கு நல்லதா கெட்டதான்னு எப்படிப் பார்க்கிறது?

ஒரு மாதப் பணப் பட்டுவாடாப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கலர் பேனா. வாங்கியவர் இந்த மலையில் குடியிருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். கூடவே இன்னொரு பட்டியல்: போன மே மாதம் உங்களிடம் வேலை பார்த்தவர்களில் எத்தனை பேர் இந்த மே மாதமும் இருக்கிறார்கள்?

எட்டு ரூம் ஹோம்ஸ்டே நடத்தும் ஓர் அம்மா போன வருஷம் இதை என் மேஜையிலேயே உட்கார்ந்து செய்தார். பட்டியல் முழுக்கச் சிவப்பு. பால்கூடப் பாக்கெட்டில் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது, பின்பக்கத்து வீட்டில் மூன்று மாடு நிற்கிறது. மறுநாள் காலையில் தூக்குவாளியோடு அங்கே போனாராம்.